ஜோஸ்பின் காமிக்ஸ் வாசித்த விதம்

ஐம்பது வயதுவரை ஜோஸ்பின் ஒரு காமிக்ஸ் புத்தகத்தைக்கூடப் படித்ததில்லை. படிக்காமல் இருந்ததோடு நிற்கவில்லை, படிக்கிறவர்களையும் நிம்மதியாக விட்டதில்லை. அவருடைய கணவன் ஸ்டான்லியும் நானும் பள்ளிக்கூடத்து நாளிலிருந்து காமிக்ஸ் பைத்தியங்கள். கூரியரில் புதுப் புத்தகம் வந்ததும் அவன் எனக்கு போன் செய்வான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் மூக்குக்கண்ணாடிக் கடையை அரை மணி முன்னதாகவே சாத்திவிட்டு நான் ஓடுவேன். ஜோஸ்பின் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல பொம்மை பாத்துக்கிட்டு இருக்கீக, வெக்கமா இல்லையாண்ணே" என்று கேட்பார். எங்களுக்கு வெட்கமாக இல்லை.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், அதில் பாதி தக்காளி, பாதி மல்லிகை. விடியுமுன் பூப்பறித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்ப் பத்தாம் வகுப்பு முடித்தார். இருபத்திரண்டு வயதில் ஸ்டான்லியைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்கு வந்தார். ஸ்டான்லி மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். குஜிலியம்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் கோடையில் கிணறு வற்றி மோட்டார் புகைந்தால் அவன் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஜோஸ்பினுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை. ஒரே மகள் மலர்விழி கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள்.

இதுவரை எல்லார் வீட்டுக் கதையும்தான். ஜோஸ்பினுக்கென்று தனியாக இருந்த பெருமை, மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் விவிலிய வாசகம் வாசிப்பது. இருபத்து மூன்று வருடமாக வாசிக்கிறார். மலர்விழி கல்யாணத்தன்று நானும் கோவிலில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு சொல்லை விழுங்க மாட்டார், ஒரு இடத்தில் பதற மாட்டார், மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அவர் கையில் விவிலியத்தைத் தவிர வேறு புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை. வாசிப்பது என்றால் அவருக்கு நிமிர்ந்து நின்று, சத்தமாக, பிழையில்லாமல் வாசிப்பது. சாய்ந்து படுத்துக்கொண்டு தனக்குத்தானே சிரிப்பதையெல்லாம் அவர் வாசிப்பில் சேர்க்கவே மாட்டார்.

போன அக்டோபரில் ஒரு நாள் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருந்த ஸ்டான்லி அப்படியே சரிந்துவிட்டான். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஒரு மாதம் கழித்து ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. "இல்ல." சோறு வேண்டுமா என்றால் இல்ல, வேண்டாமா என்றாலும் இல்ல. ஊட்டினால் சாப்பிட்டுக்கொண்டே இல்ல என்பான். கண் திறந்திருக்கும், ஆனால் உள்ளே ஆள் இருக்கிறானா என்று சொல்ல முடியாது. டாக்டரும் அதைத்தான் சொன்னார். எதுவரை விளங்குகிறது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது, பார்ப்போம் என்றார்.

ஸ்டான்லியின் அண்ணன் இஞ்ஞாசிக்கு அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை இல்லை. அவர் அய்யலூர்ப் பக்கம் முருங்கை வைத்திருக்கிறார், ஆடும் வளர்க்கிறார். சந்தைக்கு ஆடு கொண்டுவரும் நாளில் தம்பியைப் பார்க்கத் திண்டுக்கல்லுக்கும் ஒரு நடை வருவார். வந்தால் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் இருப்பவனை விட்டுவிட்டு ஜோஸ்பினிடம் பேசுவார்.

"இங்க பாருத்தா. அவனுக்கு ஒண்ணும் வெளங்கல. நீ லீவு முடிஞ்சு வேலைக்குப் போறே. பகல் பூரா பக்கத்து வீட்டு சிவனம்மா எட்டிப் பாத்தா போதுமா? கன்னியாஸ்திரிக நடத்துற ஹோம்ல சொல்லி வச்சிருக்கேன். இது மாதிரி ஆளுகளுக்குன்னே தனி ரூம்பு இருக்கு. சுத்தமா வச்சிருக்காக."

"வெளங்குதுன்னு எனக்குத் தோணுது மச்சான்."

"தோணுனா ஆச்சா? ஆண்டவரு அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா அவனுக்கும் நல்லது, ஒனக்கும் நல்லது. ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள் கொண்டுபோய் விட்டுருவம்."

இதெல்லாம் ஸ்டான்லிக்கு இரண்டு முழம் தள்ளி நடந்த பேச்சு. இஞ்ஞாசி கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரியில் பத்து ராத்திரி தரையில் படுத்துக் கிடந்தவர் அவர்தான். ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அவரை அசைப்பது கஷ்டம். என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், நான் மட்டும் என்ன செய்தேன்? அவன் போய்விட்டால் அவன் வீட்டு பீரோ நிறைய இருக்கும் புத்தகங்கள் என்னாகும் என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் ஒரு நாள் பீரோவைத் திறந்து, எனக்கு வேண்டியவற்றின் பெயர்களை அவன் கட்டிலுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்து ஜோஸ்பினிடம் சொல்லி வைத்தேன். ஸ்டான்லி "இல்ல, இல்ல" என்றான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

பிப்ரவரி கடைசியில் ஜோஸ்பின் என் கடைக்கு வந்தார், நெற்றியில் சாம்பல் புதன் பூசையில் இட்ட சிலுவை அடையாளத்தோடு.

"எனக்கு ஒரு கண்ணாடி போட்டுக் குடுங்கண்ணே. அந்தப் புஸ்தகத்துல எழுத்து பொடிப்பொடியா இருக்கு."

எந்தப் புத்தகம் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், நோயாளிக்குப் பிடித்த எதையாவது தினமும் வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஜோஸ்பின் விவிலியம் வாசித்தார், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேப்பர் வாசித்தார், தூங்கிவிட்டான். கடைசியில் வேறு வழியில்லாமல் பீரோவைத் திறந்து ஒரு காமிக்ஸை எடுத்திருக்கிறார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். எங்களை இத்தனை வருடம் கேலி செய்த வாய், கடைசியில் அந்தப் பொம்மைப் புத்தகத்துக்கே வந்து நிற்கிறது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல. இம்புட்டு தூரம் குதிரையில போறான், ஒருத்தனும் ஒரு வாய்ச் சோறு திங்கல. பொம்பளைகளையே காணோம், துணியெல்லாம் யாரு தொவைக்கிறான்னு தெரியல. நடுவுல டுமீல் டுமீல்னு எழுதியிருக்கு. அதையும் வாசிக்கணுமாண்ணே?"

"வாசிச்சீகளா?"

"எழுதியிருந்தா வாசிச்சுத்தான ஆகணும்."

விவிலியத்தில் பவுல் திருமுகத்தை வாசிக்கும் அதே குரலில் டுமீல், டுமீல் என்று அவர் நிறுத்தி வாசிப்பதை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஒண்ணு மட்டும் நல்லா இருக்கு" என்றார். "பேசுறத ஒரு மாதிரி வட்டத்துல போடுறாக, மனசுல நெனைக்கிறத மேகம் மாதிரி போடுறாக. வாயத் தொறக்காமலே என்ன நெனைக்கிறான்னு தெரிஞ்சுபோகுது. உங்க கூட்டாளி தலைக்கு மேலயும் அப்படி ஒண்ணு தெரிஞ்சா எனக்குப் போதும்."

கண்ணைச் சோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக்கொண்டேன்.

கண்ணாடி வாங்க வந்த அன்று அவருக்கு ஒரு குறை இருந்தது. "கதை ஒண்ணும் ஒட்டலண்ணே. செத்தவன் எந்திரிச்சு வாரான். ஒரு மீசைக்காரன் குண்டடிபட்டு விழுந்துட்டான். அடுத்த கட்டத்துலயே உக்காந்து சீட்டு வெளாடுறான். எல்லாப் புஸ்தகமும் இப்படித்தானா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காமிக்ஸைக் குறை சொன்னால் எனக்கு எப்போதுமே வரும். சில கதைகளில் முன்னால் நடந்ததைப் பின்னால் காட்டுவார்கள், அது ஒரு உத்தி, பொறுமையாகப் படித்தால் பிடிபடும் என்று பத்து நிமிடம் வகுப்பு எடுத்தேன். பாவம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனார்.

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "அவருக்கு இதுவும் பிடிக்கலண்ணே. ஒவ்வொரு பக்கத்துலயும் ரெண்டு வரி வாசிக்கிறதுக்குள்ள இல்ல இல்லன்னு புஸ்தகத்தைத் தட்டி விடுறாரு. தான் படிச்ச புஸ்தகமே அடையாளம் தெரியலைன்னா, மச்சான் சொல்றதுதான் சரி போல இருக்கு." அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறன்று மதியம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையில் ஒரு கட்டைப்பை இருந்தது. வீட்டை ஒதுங்க வைக்கத் தொடங்கிவிட்டால் புத்தகங்கள் கண்டபடி போய்விடுமே என்று முந்திக்கொண்டேன்.

உள்ளே இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தார். மடியில் ஹோமின் விண்ணப்பத் தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஜோஸ்பினுடைய இடம் மட்டும் காலியாக இருந்தது. ஸ்டான்லி கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஜோஸ்பின் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் பத்துப் பக்கம் இருக்கு மச்சான். இத முடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுறேன். ஆரம்பிச்சத முடிச்சிருவம்."

"வாசி, வாசி. அவனுக்கா வெளங்கப் போகுது" என்றார் இஞ்ஞாசி.

ஜோஸ்பின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். இரண்டு வரி போனதும் ஸ்டான்லியின் இடது கை வந்து பக்கத்தின் மேல் விழுந்தது. "இல்ல." அவர் கையைத் தூக்கி அவன் மடியில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார். மறுபடியும் கை. "இல்ல, இல்ல." அடுத்த பக்கம் புரட்டினார். அங்கேயும் அதே கதை.

"புஸ்தகம் கிழிஞ்சிரும் தங்கச்சி" என்றேன். புத்தகத்தின் மீதுதான் எனக்கு அக்கறை. அது நல்ல நிலையில் இருக்கும் பழைய பதிப்பு, எனக்கு வேண்டிய பட்டியலில் இரண்டாவது. "விட்டுரு. நான் வாசிச்சுப் பாக்குறேன்" என்று நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"நானே முடிச்சிருறேண்ணே" என்று அவர் அந்தப் பக்கத்தை மேலிருந்து மறுபடி தொடங்கினார். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு படம். கதாநாயகன் தொங்குபாலத்துக்கு வருகிறான், எதிர்ப்பக்கம் வில்லன் கத்தியோடு ஒளிந்திருக்கிறான், இவன் பாலத்தில் கால் வைக்கிறான், அவன் கயிற்றை அறுக்கிறான், இவன் ஆற்றில் விழுகிறான், கடைசியில் நீந்திக் கரையேறுகிறான். விழுந்த கையை விலக்கி விலக்கி ஜோஸ்பின் வாசித்ததில் கதாநாயகன் வந்தான், கால் வைத்தான், உடனே ஆற்றில் விழுந்தான். அதற்குப் பிறகுதான் வில்லன் வந்து ஒளிந்துகொண்டான்.

"நிறுத்து, நிறுத்து. எப்படி வாசிக்கிறே நீ?"

"எப்படி வாசிப்பாக? மேலருந்து கீழதான். இந்தப் பத்திய முடிச்சிட்டு அந்தப் பத்தி."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. விவிலியத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடது பத்தியை அடிவரை முடித்துவிட்டுத்தான் வலது பத்தியின் தலைக்குப் போக வேண்டும். இருபத்து மூன்று வருடமாக அப்படி வாசித்த கண், காமிக்ஸ் பக்கத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டது. இடது பக்கத்துப் படங்கள் மூன்றும் முதலில், வலது பக்கத்துப் படங்கள் மூன்றும் பிறகு. செத்தவன் எழுந்து சீட்டு விளையாடியதும் இதனால்தான். அதற்குத்தான் நான் பத்து நிமிடம் உத்தியைப் பற்றி விளக்கம் கொடுத்திருந்தேன்.

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். "இங்கிட்டு வா தங்கச்சி. இதுல குறுக்க போகணும். முதல் படம், அதுக்குப் பக்கத்துப் படம், அப்பறம்தான் கீழ. ஒரு மாசமா கதையத் தலைகீழா வாசிச்சிருக்க."

இஞ்ஞாசிக்கும் சிரிப்பு வந்தது. ஜோஸ்பின் சிரிக்கவில்லை. பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவரு எங்க தட்டுனாருன்னு பாத்தீகளாண்ணே?"

"புஸ்தகத்து மேல."

"புஸ்தகத்து மேல எங்க?"

நான் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாதமாக அந்தக் கையைத் தூக்கித் தூக்கி வைத்தவர் அவர்தானே. "நான் கீழ எறங்கறப்பெல்லாம் இந்த எடத்துலதான் கை வந்து விழுகும்" என்று வலது பக்கத்து மேல் படத்தைத் தொட்டுக் காட்டினார். முதல் படத்துக்குப் பிறகு வாசித்திருக்க வேண்டிய படம்.

ஜோஸ்பின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இந்தத் தடவை நான் சொன்ன மாதிரி குறுக்காக வாசித்தார். முதல் படம், பக்கத்துப் படம், கீழே, அதற்குப் பக்கத்துப் படம். அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. கோவிலில் ஒருநாளும் நடுங்காத குரல். ஸ்டான்லியின் கை மடியிலேயே கிடந்தது. கண் மட்டும் படம் படமாக நகர்ந்தது. பக்கம் முடிந்தது. "இல்ல" வரவில்லை.

"தற்செயலா இருக்கும்" என்றார் இஞ்ஞாசி. ஆனால் மடியில் இருந்த தாளைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"அப்ப இப்பப் பாருங்க. வேணும்னே தப்பா வாசிக்கிறேன்."

அடுத்த பக்கத்தில் முதல் படத்தை வாசித்துவிட்டுக் கீழே இறங்கினார். படாரென்று கை விழுந்தது. "இல்ல." அந்த அடியில் கண்ணாடியே அவர் மூக்கிலிருந்து நழுவியது. ஜோஸ்பின் புத்தகத்தை மடியில் போட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அஞ்சரை மாசம்ணே" என்றார். அழுகையில் சொல் உடைந்து வந்தது. "அஞ்சரை மாசமா அவரு முன்னாடியே வச்சுப் பேசியிருக்கமே. ஹோமு, சாவு, எல்லாத்தையும் பேசியிருக்கமே."

நான் என் கட்டைப்பையைப் பார்த்தேன். கட்டிலுக்கு முன்னால் நின்று புத்தகப் பெயர்களைச் சத்தமாகப் படித்தது நினைவுக்கு வந்தது. அப்போது அவன் சொன்ன "இல்ல"வுக்கு நான் தோளைத் தட்டிக்கொடுத்தேனே, அதை நினைத்து இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

இஞ்ஞாசி இன்னும் நம்பவில்லை, அல்லது நம்புவதற்குப் பயந்தார். ஜோஸ்பின் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துத் தம்பி முன்னால் விரித்தார். அவர் அவ்வளவாகப் படிப்பறிவு இல்லாதவர். மண்வெட்டி பிடித்துக் காய்த்த தன் ஆள்காட்டி விரலை முதல் படத்தின் மேல் வைத்தார்.

"ஏலே, இது மொதல்ல. அடுத்து எது? இதுவா?" விரலைக் கீழ்ப் படத்துக்கு நகர்த்தினார்.

ஸ்டான்லியின் கை எழுந்தது. இந்த முறை அடிக்கவில்லை. அண்ணனுடைய விரலைப் பிடித்தது. பிடித்து, மெல்ல மேலே இழுத்து, வலது பக்கத்துப் படத்தின் மேல் கொண்டுபோய் வைத்தது. அங்கிருந்து கீழ் வரிசைக்கு. அங்கிருந்து அடுத்த படத்துக்கு. ஆறு படமும் முடியும்வரை விரலை விடவில்லை. ஆறாவது படத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"பகல்ல ஆள் இல்லைங்கறதுதானத்தா ஒனக்குக் கஷ்டம்" என்று இஞ்ஞாசி ஜோஸ்பினிடம் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, தம்பி பக்கம் திரும்பி, அவனிடமே சொன்னார். "தெனமும் எட்டு மணி பஸ்ஸுக்கு நான் வாரேன்டா. அவ வாரவரைக்கும் இங்க உக்காந்திருக்கேன். என்ன, சரிதான?"

விரல் ஸ்டான்லியின் பிடியில் இருந்ததால் இடது கையாலேயே சட்டைப்பையில் துழாவி போனை எடுத்தார். நம்பரை நான் அழுத்திக் கொடுத்தேன்.

"சிஸ்டர், மேட்டுப்பட்டி ஸ்டான்லிக்கு ஒரு கட்டில் சொல்லி வச்சிருந்தேன்ல. அது வேணாம். வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க."

அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். தயங்கித் தயங்கிக் கேட்டிருக்க வேண்டும்.

"சே, சே, அதெல்லாம் இல்ல சிஸ்டர். உசுரோடதான் இருக்கான்." தம்பியைத் திரும்பிப் பார்த்து, "நாங்க பேசுனதெல்லாம் கேட்டுக்கிட்டே கெடந்திருக்கான் சிஸ்டர்" என்றார்.

போனை வைத்த பிறகும் அவர் விரல் தம்பியின் கையில்தான் இருந்தது. அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.